கட்டளை அட்டவணையில் பத்துக் காலிக் கட்டங்கள்

அக்கா மகள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். மைக்ரோபிராசசர் செய்முறைத் தேர்வுக்கு முன்பு வீட்டிலேயே பழகிப் பார்க்க ஒரு கிட் கிடைக்குமா என்று கேட்டாள். சென்னை ரிச்சி தெருவில் பழைய சாமான் கடை ஒன்றின் மேல்தட்டில் இன்டெல் 8085 மைக்ரோபிராசசரைக் கொண்ட ஒரு பயிற்சிக் கிட் தூசி மூடிக் கிடந்தது. மரப்பெட்டி, ஆறு இலக்க டிஸ்ப்ளே, கால்குலேட்டர் போன்ற விசைகள். "ஓடுமா என்று சொல்ல முடியாது சார். எடைக்குப் போட வைத்திருந்தேன், எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து மின்சாரம் கொடுத்தால் டிஸ்ப்ளேயில் ஒரு கோடுகூட எரியவில்லை.

இப்படிப்பட்ட போர்டைப் பார்க்கும்போது நான் எப்போதும் ஒரே வரிசையில்தான் போவேன்: மின்னழுத்தம், கடிகாரம், ரீசெட், அதன் பிறகே மற்றவை. 8085-க்கு 5 வோல்ட் ஒன்றே போதும். அந்தப் பெயரின் கடைசி எண் அதைத்தான் சொல்கிறது. அதற்கு முந்தைய 8080-க்கு +5, −5, +12 என்று மூன்று மின்னழுத்தங்கள் வேண்டியிருந்தன. மல்டிமீட்டரில் 40-ஆவது காலுக்கும் 20-ஆவது காலுக்கும் இடையே 4.96 வோல்ட். குறையில்லை. 37-ஆவது காலில் ஆஸிலாஸ்கோப்பை வைத்தேன். 3.072 மெகாஹெர்ட்ஸில் சுத்தமான அலை. கிரிஸ்டல் 6.144, சிப் தனக்குள் அதை இரண்டால் வகுத்துக்கொள்ளும். ஆகக் கடிகாரமும் நலம்.

ஆனால் 30-ஆவது காலான ஏஎல்இ, அதாவது முகவரி வெளிவருவதை அறிவிக்கும் கால், அசையவே இல்லை. உயிருள்ள 8085-இல் அந்தக் கால் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்க வேண்டும். 36-ஆவது காலை, அதாவது ரீசெட் உள்ளீட்டை, அளந்தேன்: 0.7 வோல்ட். காரணம் கிடைத்துவிட்டது. அங்கே 75 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் இருக்கின்றன. மின்சாரம் வந்ததும் கெபாசிட்டர் மெல்ல நிரம்பி அந்தக் காலை மேலே ஏற்றிவிட வேண்டும். இந்தக் கெபாசிட்டரைக் கழற்றி அளந்தால் 12 கிலோ ஓம் காட்டியது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுபோல், ரெசிஸ்டர் கொடுத்ததையெல்லாம் அது கசியவிட்டிருக்கிறது. பிராசசர் பல ஆண்டுகளாக ரீசெட்டிலேயே நின்றிருக்கிறது. புதிய கெபாசிட்டரைச் சால்டர் செய்ததும் ஏஎல்இ துடிக்கத் தொடங்கியது.

டிஸ்ப்ளேயில் இப்போது வெளிச்சம் வந்தது, ஆனால் பொருளற்ற கோடுகள். கிட்டின் நிரந்தர நிரலைத் தாங்கும் 2764 ஈப்ராம் நினைவகச் சிப்பைச் சாக்கெட்டிலிருந்து நெம்பி எடுத்தேன். கால்கள் கறுத்திருந்தன. பென்சில் அழிப்பானால் ஒவ்வொரு காலாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, திரும்பப் பொருத்தினேன். கிட் தன் வரவேற்பு எழுத்துகளைக் காட்டியது. இரண்டு விசைகளை மாற்றினேன். பழுது வேலை அவ்வளவுதான்.

மறுநாள் மாலை அவள் ஆய்வகக் குறிப்பேட்டோடு வந்தாள். அதன் பின்னட்டையில் ஆப்கோடு அட்டவணை, அதாவது ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய எண்ணைக் காட்டும் தாள், ஒட்டியிருந்தது. பதினாறு வரிசை, பதினாறு நெடுவரிசை, மொத்தம் 256 கட்டங்கள். நாங்கள் படித்த காலத்திலிருந்து மாறாத அதே தாள். சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

"மாமா, இந்தப் பத்துக் கட்டங்கள் மட்டும் ஏன் காலியாக இருக்கின்றன?"

நான் மாணவனாக இருந்தபோது இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அட்டவணையில் இல்லாததைப் பற்றி யோசிக்கத் தோன்றியதே இல்லை. பதினாறு அடிமான (ஹெக்ஸ்) எண்களில் சொன்னால் 08, 10, 18, 28, 38, சிபி, டி9, டிடி, ஈடி, எஃப்டி. பத்தும் காலி. அவள் கேட்ட பிறகு அடுத்த மூன்று வாரங்களை நான் இந்தப் பத்துக் கட்டங்களோடுதான் கழித்தேன். பழைய பிராசசர் ஒன்றின் கட்டளைத் தொகுதி எதனால் வலிமை பெறுகிறது என்று எனக்கு விளங்கியதும் அவற்றால்தான்.

கதை 1974-இல் தொடங்குகிறது. இன்டெல் 8080-ஐ வெளியிட்டபோது 256 கட்டங்களில் 244-ஐ நிரப்பியிருந்தது. பன்னிரண்டு இடங்கள் மிச்சம்: மேலே சொன்ன பத்தும், 20, 30 ஆகிய இரண்டும். 1976-இல் இரண்டு சிப்கள் வந்தன, இரண்டும் 8080-க்கு எழுதிய நிரல்களை ஓட்டக்கூடியவை. ஒன்று இன்டெலின் 8085. மற்றொன்று, 8080-ஐ வடிவமைத்த ஃபெடெரிக்கோ ஃபாஜின் இன்டெலை விட்டு வெளியேறி, ரால்ஃப் அங்கர்மனோடு தொடங்கிய ஜைலாக் நிறுவனத்தின் இசட்80. 8080-இல் ஃபாஜினோடு உழைத்த மசாதோஷி ஷிமாவும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். ஆக இரண்டு குழுக்களின் கையிலும் இருந்தவை அதே பன்னிரண்டு காலி மனைகள். ஒரே தெருவில், ஒரே அளவு மனையில், இருவர் வீடு கட்டிய கதை இது.

8085 தன் பன்னிரண்டில் இரண்டை மட்டுமே அறிவித்தது: 20-இல் ரிம், 30-இல் சிம். தடைக்குறுக்கீடுகளையும் (இன்டரப்ட்) தொடர்முறைக் (சீரியல்) கால்களையும் கையாளுகிற கட்டளைகள். மற்றப் பத்தும் காலி என்றே கையேடு சொன்னது. ஆனால் அவை காலி இல்லை. சிப்புக்குள் பத்துக் கட்டளைகளும் உண்மையாகவே வேலை செய்தன. 1979 ஜனவரியில் வுல்ஃப்காங் டேன்ஹார்ட், வில்லி சோரென்சன் என்ற இருவர் அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து ஓர் அமெரிக்க எலெக்ட்ரானிக்ஸ் இதழில் எழுதினார்கள். பத்துக் கட்டளைகளோடு, கணக்கின் விளைவை ஒற்றைப் பிட்டுகளாகக் காட்டும் கொடிப் பதிவகத்தில் யாரும் சொல்லாத இரண்டு கொடிகளையும் சேர்த்துக் கண்டுபிடித்திருந்தார்கள்.

படித்ததை நம்புவது வேறு, கையில் இருக்கும் சிப்பிலேயே பார்ப்பது வேறு. முதலில் 08-ஐ எடுத்துக்கொண்டோம். டிசப் என்று பெயர் கொடுத்திருந்தார்கள். ஹெச்எல் ஜோடியிலிருந்து பிசி ஜோடியைக் கழிக்கும் என்றார்கள் (எண்களை வைத்துக்கொள்ள சிப்புக்குள் இருக்கும் சிறு இடங்களான பதிவகங்கள் இப்படி இரண்டிரண்டாகச் சேரும்). ஹெச்எல்-இல் 5510, பிசி-இல் 1180 (எல்லாம் ஹெக்ஸ் எண்கள்) போட்டு, 08, அடுத்து மானிட்டர் என்ற கிட்டின் உள்நிரலுக்குத் திரும்பும் கட்டளை. கீழ்ப் பைட்டில் கடன் வாங்க வேண்டிய கணக்காக வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். கடன் மேல் பைட்டுக்குப் போகாவிட்டால் விடை 4490 என்று வரும், போனால் 4390.

அவள்தான் விசையை அழுத்தினாள். பதிவகங்களைத் திறந்து பார்த்தோம். ஹெச்: 43. எல்: 90.

ஒரு பைட். பத்துக் கடிகாரத் துடிப்பு. இதே கழித்தலை அட்டவணையில் உள்ள கட்டளைகளால் செய்ய வேண்டுமென்றால், கீழ்ப் பைட்டை அக்குமுலேட்டர் என்ற முதன்மைப் பதிவகத்துக்கு எடுத்து, கழித்து, திரும்ப வைத்து, மேல் பைட்டை எடுத்து, கடனோடு கழித்து, திரும்ப வைக்க வேண்டும். ஆறு பைட், 24 துடிப்பு. அக்குமுலேட்டரில் முன்பு இருந்தது அழிந்தும் போகும். 8085-இல் 16-பிட் கூட்டல் உண்டு, கழித்தல் இல்லை என்று எல்லா வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது சிப்புக்குள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறது.

அடுத்து எனக்கு மிகவும் பிடித்தது, அறிவிக்கப்படாத கொடி. இதைப் புரிந்துகொள்ள, 8085-இல் நினைவகத்தின் ஒரு பகுதியை இன்னொரு இடத்துக்கு நகலெடுக்கும் சின்ன நிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மாணவர்கள் எல்லோரும் எழுதுவது இது. உட்சுற்று மட்டும்:

7ஈ, 12, 23, 13, 0பி, 78, பி1, சி2, அதன் பிறகு முகவரிக்கு இரண்டு பைட்.

7ஈ, ஹெச்எல் காட்டும் இடத்திலிருந்து எடுக்கிறது. 12, டிஈ காட்டும் இடத்தில் வைக்கிறது. 23-உம் 13-உம் இரண்டு சுட்டிகளையும் ஒன்று நகர்த்துகின்றன. 0பி, எண்ணிக்கையில் ஒன்று குறைக்கிறது. இதுவரை வேலை. அடுத்த இரண்டு பைட்டுகள், 78-உம் பி1-உம், வேலையே இல்லை. பிசி ஜோடியைக் குறைத்தால் அது பூஜ்ஜியமானதா என்று எந்தக் கொடியும் சொல்லாது. ஆகவே பி-யை அக்குமுலேட்டருக்குக் கொண்டுவந்து, சி-யோடு 'அல்லது' செய்து, அப்போது எழும் பூஜ்ஜியக் கொடியைப் பார்த்துத்தான் தாவ முடியும். ஒரு பைட்டை நகலெடுக்க 50 துடிப்பு. அதில் எட்டு, 'முடிந்ததா' என்ற கேள்விக்குப் பதில் தேடி அலைவதில் போகிறது.

அந்த அறிவிக்கப்படாத கொடி இந்த அலைச்சலைத்தான் போக்குகிறது. ஜோடிப் பதிவகம் ஒன்றைக் குறைக்கும்போது அது பூஜ்ஜியத்தைத் தாண்டி எஃப்எஃப்எஃப்எஃப் ஆனால் அந்தக் கொடி எழும். டிடி என்ற ஆப்கோடு, அந்தக் கொடி எழாதவரை தாவச் சொல்லும். 78, பி1, சி2 ஆகிய மூன்றும் போய் அவற்றின் இடத்தில் ஒரே டிடி.

அளந்து பார்க்க 8085-இன் எஸ்ஓடி என்ற தொடர்முறை வெளியீட்டுக் காலைப் பயன்படுத்தினேன். நகலெடுப்பு தொடங்குமுன் 3ஈ, சி0, 30 என்று எழுதினால் 4-ஆவது கால் மேலே போகும். முடிந்ததும் 3ஈ, 40, 30 என்றால் கீழே இறங்கும். நடுவில் உள்ள அகலத்தை ஆஸிலாஸ்கோப் காட்டிவிடும். மானிட்டர் ஈப்ராமின் முதல் 4096 பைட்டுகளை ரேமுக்கு நகலெடுக்க வைத்தேன். 35-ஆவது கால், அதாவது ரெடி, 5 வோல்ட்டோடு கட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டேன். இல்லையென்றால் காத்திருப்புத் துடிப்புகள் நுழைந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

கணக்குப்படி 50 துடிப்பு, 4096 முறை, 3.072 மெகாஹெர்ட்ஸ்: 66.7 மில்லிசெகண்ட். திரையில் தெரிந்ததும் அதுதான். டிடி வைத்து எழுதியதில் சுற்றுக்கு 42 துடிப்பு, 56 மில்லிசெகண்ட். இரண்டு அலைகளையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் சொல்வது கடினம். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக அட்டவணையில் வெள்ளையாக இருந்த ஒரு கட்டம், ஆறில் ஒரு பங்கு நேரத்தை மிச்சப்படுத்தியது.

இங்கே ஒரு தவறு செய்தேன், இதை முயல்கிறவர்கள் கவனிக்க வேண்டும். இந்தக் கொடி பூஜ்ஜியத்தில் எழுவதில்லை, பூஜ்ஜியத்தைத் தாண்டும்போதுதான் எழுகிறது. எண்ணிக்கையில் ஒன்று குறைத்துத் தொடங்க வேண்டும். நான் பழையபடி 1000 (ஹெக்ஸில் 4096) என்று போட்டுவிட்டேன். சேருமிடத்துக்கு முன்னும் பின்னும் 55 என்று காவல் பைட் வைப்பது என் வழக்கம். பின்னால் இருந்த 55 மாறியிருந்தது. 4097 பைட் நகலாகியிருக்கிறது. 0எஃப்எஃப்எஃப் என்று மாற்றியதும் சரியானது.

இனி அதே தெருவின் இரண்டாவது வீடு. என்னிடம் ஒரு இசட்80 சிப் பல ஆண்டுகளாகப் பெட்டியில் இருந்தது. 2024 ஜூன் மாதத்தோடு ஜைலாக் அந்தத் தனிச் சிப்புக்கான ஆர்டர்களை நிறுத்திக்கொண்ட செய்தி வந்தபோதே அதை எடுத்து ஏதாவது செய்ய வேண்டுமென்று நினைத்திருந்தேன். பிரெட்போர்டில் அதையும், ஒரு 28சி64 நினைவகச் சிப்பையும், ஒரு 6264 ரேமையும், நேரத்தைக் காட்ட ஒரு லாட்ச்சையும் பொருத்தினேன். ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டுமென்று கிட்டின் 37-ஆவது காலிலிருந்தே இசட்80-க்கும் கடிகாரம் கொடுத்தேன். நேரடியாக இணைத்தால் போதாது. இசட்80-இன் கடிகார உள்ளீடு ஏறக்குறைய முழு 5 வோல்ட்டையும் கேட்கும். 8085 அவ்வளவு உயரம் தருவதில்லை. இடையில் ஒரு 74ஹெச்சிடி04 இன்வர்ட்டர் சிப் வைத்த பிறகுதான் நிலையாக ஓடியது.

அதே 4096 பைட். இசட்80-இல் உட்சுற்று என்று ஒன்று எழுதவே வேண்டாம். எல்டிஐஆர் என்ற ஒரே கட்டளை: ஈடி, பி0. இரண்டு பைட். எடுப்பது, வைப்பது, இரண்டு சுட்டிகளை நகர்த்துவது, எண்ணிக்கையைக் குறைப்பது, முடியாவிட்டால் திரும்பச் செய்வது எல்லாம் அதற்குள் அடக்கம். சுற்றுக்கு 21 துடிப்பு. ஆஸிலாஸ்கோப்பில் 28 மில்லிசெகண்ட்.

அந்த 'திரும்பச் செய்வது' எப்படி நடக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம். எண்ணிக்கை இன்னும் தீரவில்லை என்றால், இசட்80 நிரல் சுட்டியை இரண்டு பின்னால் இழுத்து, அதே கட்டளையைத் திரும்பப் படிக்கிறது. 21 துடிப்பில் எட்டு, ஈடி, பி0 ஆகிய இரண்டையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிக்கவே போகிறது. வீண்செலவு என்று தோன்றும். ஆனால் இதனால்தான் நகலெடுப்பின் நடுவிலும் தடைக்குறுக்கீடு வந்து போக முடிகிறது. பாதியில் நின்று, வேறு வேலை பார்த்து, திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடரலாம். நிலை முழுவதும் பதிவகங்களிலேயே இருக்கிறது, சிப்புக்குள் ரகசியமாக எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. குறைந்த டிரான்சிஸ்டரில் செய்த அழகான ஏற்பாடு.

பன்னிரண்டு மனைகளை ஜைலாக் எப்படிக் கட்டியது என்று அவளோடு உட்கார்ந்து அட்டவணையில் பென்சிலால் நிரப்பினோம். 10-இல், பி-யைக் குறைத்துப் பூஜ்ஜியமாகாவிட்டால் தாவும் ஒரே கட்டளை. 18, 20, 28, 30, 38-இல், பக்கத்து இடத்துக்குத் தாவும் இரண்டு பைட் தாவல்கள். 08-உம் டி9-உம் பதிவகங்களை மறைவிலிருக்கும் மாற்றுப் பதிவகங்களோடு மாற்றிக்கொள்கின்றன. மிச்சம் நான்கு: சிபி, டிடி, ஈடி, எஃப்டி. இவற்றை ஜைலாக் கட்டளையாக வைக்கவில்லை, கதவாக வைத்தது. ஒவ்வொரு கதவையும் திறந்தால் பின்னால் இன்னோர் அட்டவணை. தனிப் பிட்டுகளைத் தொடும் கட்டளைகள் சிபி-க்குப் பின்னால். ஐஎக்ஸ், ஐஒய் என்ற சுட்டிப் பதிவகங்கள் டிடி, எஃப்டி-க்குப் பின்னால். எல்டிஐஆர் ஈடி-க்குப் பின்னால்.

"அப்படியானால் இசட்80-தான் பெரியது, இல்லையா மாமா?" என்றாள்.

நானும் அந்த மாலை அப்படித்தான் நினைத்தேன். அடுத்த வாரம் செய்த சோதனை அதை மாற்றியது.

நகலெடுப்பு இசட்80-க்காகவே செய்த பந்தயம் போன்றது. வேறொரு வேலையை எடுத்தேன். மேல்நிலை மொழிகளில் ஒரு செயல்கூறு தன் சொந்த மாறிகளை ஸ்டாக் என்ற நினைவக அடுக்கில்தான் வைத்துக்கொள்ளும். 'ஸ்டாக்கின் உச்சியிலிருந்து நான்கு பைட் தள்ளி உள்ள 16-பிட் எண்ணை எடு' என்பது சி மொழிக் கம்பைலர் நாள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒன்று. அறிவிக்கப்பட்ட 8085 கட்டளைகளில் இதற்கு ஹெச்எல்-இல் 4-ஐ வைத்து, ஸ்டாக் சுட்டியைக் கூட்டி, ஒரு பைட் எடுத்து, நகர்ந்து, இன்னொன்று எடுத்து, ஜோடிகளை இடம் மாற்ற வேண்டும். எட்டு பைட், 44 துடிப்பு. ஐஎக்ஸ் ஸ்டாக் சட்டகத்தைச் சுட்டும்படி முன்பே வைத்திருந்தால், இசட்80-இல் இரண்டு கட்டளை. ஆனால் கதவைத் திறந்து உள்ளே போகும் செலவு உண்டு: ஒவ்வொன்றும் மூன்று பைட், 19 துடிப்பு. ஆக ஆறு பைட், 38 துடிப்பு. 44-க்கும் 38-க்கும் பெரிய வித்தியாசமில்லை. இசட்80-இன் சுட்டிப் பதிவகங்கள் காகிதத்தில் வலிமையானவை, கையில் எடுத்தால் கனமானவை.

மறைந்திருந்த 8085 கட்டளைகளில் இதே வேலை: 38, 04, ஈடி. முதல் இரண்டு பைட், ஸ்டாக் சுட்டியோடு 4-ஐக் கூட்டி டிஈ-யில் வைக்கிறது. ஈடி, டிஈ காட்டும் இடத்திலிருந்து ஹெச்எல்-ஐ நிரப்புகிறது. மூன்று பைட், 20 துடிப்பு. திரும்பச் சேமிக்க ஈடி-க்குப் பதில் டி9.

இதைக் கிட்டில் ஓட்டி விடை சரியாக வந்தபோது நான் வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்துக் கட்டங்களை நிரப்பியவர்கள் ஏதோ கிடைத்த இடத்தில் கிடைத்ததைப் போட்டவர்கள் அல்ல. ஸ்டாக்கிலிருந்து முகவரி கணக்கிட ஒன்று, சுட்டி வழியாக 16-பிட் எடுக்க ஒன்று, வைக்க ஒன்று, 16-பிட் கழித்தல், ஹெச்எல்-ஐக் குறியோடு வலப்புறம் நகர்த்த ஒன்று, டிஈ-யை இடப்புறம் சுழற்ற ஒன்று. பெருக்கல், வகுத்தல், கம்பைலர் என்று மனத்தில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு செய்த வேலை அது. பிறகு ஏன் மறைத்தார்கள்? 8086-ஐ உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டீஃபன் மோர்ஸும் அவருடைய சகாக்களும் 1980-இல் எழுதிய வரலாற்றில் காரணம் இருக்கிறது: அடுத்து வரவிருந்த 8086, 8085 நிரல்களுக்கு இணக்கமாக இருக்க வேண்டும், இவற்றை அறிவித்துவிட்டால் அதிலும் இவற்றைச் சுமக்க வேண்டிவரும். முழுதும் கட்டி முடித்த வீட்டைப் பூட்டிவிட்டுப் போனார்கள். அந்த முடிவின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் தமிழ்நாட்டின் எத்தனையோ ஆய்வகங்களில் மாணவர்கள் ஆறு பைட்டில் கழித்தல் எழுதித் தேர்வானார்கள் என்று நினைக்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

கட்டளைகளின் எண்ணிக்கையை வைத்து வலிமையை அளக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. இசட்80-க்கு இத்தனை, 8085-க்கு இத்தனை என்று நாங்கள் மனப்பாடம் செய்ததே அப்படித்தான். எம்ஓஎஸ் டெக்னாலஜியின் 6502-ஐ இந்தக் கணக்கில் வைத்தால் அது கடைசியில் நிற்க வேண்டும். 1975-இல் 25 டாலருக்கு வந்த சிப். 56 கட்டளை வகைகள், 256 கட்டங்களில் 151 மட்டுமே நிரம்பியவை. பொதுப் பயன்பாட்டுக்கு 8-பிட் பதிவகங்கள் மூன்றே மூன்று. என் மேஜையில் 6502 இல்லை, ஆனால் துடிப்புக் கணக்கு உறுதியானது என்பதால் அதே நகலெடுப்பைத் தாளில் எழுதிப் பார்த்தேன். முதல் 256 பைட் நினைவகத்தில் இரண்டு சுட்டிகளை வைத்து, ஒய் பதிவகத்தை அவற்றோடு கூட்டி எடுக்கவும் வைக்கவும் வழி உண்டு. எடுக்க 5, வைக்க 6, ஒய்-ஐ நகர்த்த 2, தாவ 3. மொத்தம் 16 துடிப்பு. பக்கம் மாறும் செலவையும் சேர்த்தால் 4096 பைட்டுக்கு, 1 மெகாஹெர்ட்ஸில், 66 மில்லிசெகண்டுக்குச் சற்றுக் குறைவு.

3.072 மெகாஹெர்ட்ஸ் 8085-க்கு 66.7. ஒரு மெகாஹெர்ட்ஸ் 6502-க்கும் ஏறக்குறைய அதே!

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். 6502 ஒவ்வொரு துடிப்பிலும் நினைவகத்தைத் தொடும். 8085-க்கு ஒருமுறை தொட மூன்று அல்லது நான்கு துடிப்பு வேண்டும். ஆகவே மெகாஹெர்ட்ஸை மட்டும் ஒப்பிடுவது சரியல்ல. ஆனாலும் மூன்று பதிவகச் சிப், ஏழு பதிவகச் சிப்பின் தோளோடு தோள் நிற்பதற்குக் காரணம், அதை வடிவமைத்தவர்கள் பதிவகங்களுக்குப் பதிலாக முகவரியிடும் முறைகளில் சிலிக்கனைச் செலவிட்டார்கள் என்பதுதான். எடுத்ததை என்ன செய்வது என்பதைவிட, எடுக்க எப்படிப் போவது என்பதில்.

இதை அளந்தே காட்டியவர்கள் மோட்டரோலாவின் டெர்ரி ரிட்டரும் ஜோயல் போனியும். 6809-ஐ வடிவமைக்குமுன், முந்தைய 6800-க்கு எழுதப்பட்டிருந்த நிரல்களை எடுத்து, எந்தக் கட்டளை எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார்கள். நினைவகத்திலிருந்து ஏற்றுவதும் நினைவகத்தில் வைப்பதும் மட்டும் பத்தில் நான்கு பங்குக்கு அருகில் வந்தன. கூட்டலும் கழித்தலும் சேர்ந்து நூற்றில் மூன்றுகூட இல்லை. நாம் கணினி கணக்குப் போடுகிறது என்று நினைக்கிறோம். அது பெரும்பாலும் சுமை தூக்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே அவர்கள் சுமை தூக்கும் வழிகளை மலிவாக்கினார்கள். எங்கள் ஸ்டாக் சோதனையை 6809-இல் எழுதினால் ஒரே கட்டளை: இரண்டு பைட், ஆறு துடிப்பு. எக்ஸ், ஒய், இரண்டு ஸ்டாக் சுட்டிகள் என எதை அடிப்படையாக வைத்தாலும் ஒரே மாதிரி எழுதலாம், விதிவிலக்கு நினைவில் வைக்க வேண்டியதில்லை. 1978-இல் வந்த அந்தச் சிப்பில் 59 கட்டளை வகைகள்தான். எண்ணிக்கை பார்த்தால் 6800-ஐவிடக் குறைவு.

இவற்றையெல்லாம் அவள் குறிப்பேட்டில் ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டாள், நான் சொல்லாமலேயே. ஸ்டாக்கிலிருந்து ஓர் எண்ணை எடுக்க: 8085 அறிவித்தபடி 8 பைட், இசட்80 6 பைட், 8085 மறைத்தபடி 3 பைட், 6809 2 பைட். அதற்குக் கீழே ஆப்கோடு அட்டவணையில் ஒன்பது கட்டங்களைப் பச்சை மையில் நிரப்பியிருந்தாள். தேர்வில் இவற்றை எழுத வேண்டாம் என்று நான் சொல்லிவைத்தேன். பாடநூலில் இல்லாததற்கு மதிப்பெண் இல்லை. இதை முயல்கிறவர்களும் தங்கள் சிப்பில் ஒவ்வொன்றையும் தனியே சோதித்த பிறகே நம்ப வேண்டும். என் கிட்டில் இருந்தது ஒரு சிப், பெட்டியில் இருந்தது இன்னொரு 8085, இரண்டிலும் ஒரே விடை வந்தது. அவ்வளவுக்குத்தான் நான் பொறுப்பு.

பத்தாவது கட்டம் சிபி இன்னும் வெள்ளையாக இருக்கிறது. இரண்டாவது மறைவுக் கொடி, அதாவது குறியுள்ள எண்கள் எல்லை மீறுவதைக் காட்டும் கொடி, எழுந்திருந்தால் அது 0040 என்ற முகவரிக்கு அழைப்பு விடும். எங்கள் கிட்டில் 0040 மானிட்டர் ஈப்ராமின் நடுவே இருக்கிறது; அங்கே போனால் மானிட்டரின் ஏதோ ஒரு துண்டு ஓடும், எதையும் நிரூபிக்காது. மானிட்டரை முழுவதும் படித்து நகல் எடுத்துக்கொண்டோம். 0040-இல் எங்கள் சொந்த நிரலுக்குத் தாவும்படி, அங்கிருந்த துண்டை வேறிடத்துக்கு நகர்த்தி, ஈப்ராமில் எழுத வேண்டிய புதிய நிரல் பிம்பம் தயாராகிவிட்டது. இன்று காலை ஒரு பழைய 2764-இன் ஜன்னல் ஸ்டிக்கரைப் பிய்த்து, புற ஊதா விளக்கின் கீழே வைத்தேன். இருபது நிமிடம். அவள் கல்லூரியிலிருந்து வரும்போது எழுதத் தயாராக இருக்கும்.